விலைக்கு வரும் வாகை

பழந்தமிழர்க்கு வாகை என்பது வெறும் பூவன்று. பகைவரைப் போரில் வென்றவன் தலையில் சூடிய வெற்றிப் பூ அது. தொல்காப்பியமோ அதனினும் ஒரு படி மேலே சென்றது. போர்வெற்றி மட்டுமன்றி, அவரவரும் தத்தம் தொழிலிலும் அறிவிலும் ஒழுக்கத்திலும் மேம்பட்டு விளங்குதலே வாகை என்று புறத்திணையியல் வகுத்துக் காட்டிற்று. உழைத்தவன் சூடுவது வாகை. அவன் உழைப்பைக் கண்டவர் சூட்டுவது வாகை. காணாதவர் சூட்டினால் அது வாகையாகாது. கேட்டு வாங்கிச் சூடினாலும் ஆகாது.

இன்று அவ்வாகை விலைக்கு வருகின்றது. வலமும் இடமும் இரண்டு இலைக்கொத்து; நடுவில் ஆங்கிலத்தில் ஒரு விழாவின் பெயர்; அதன் கீழ்ச் 'சிறந்த படம்' என்றோ, 'தேர்ந்தெடுக்கப் பெற்றது' என்றோ, 'இறுதிச் சுற்றுக்கு முந்திய நிலை எய்தியது' என்றோ ஓர் ஆங்கிலத் தொடர். மின்னஞ்சல் வழியே வந்து சேரும் இந்தச் சிறு படத்தைத்தான் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் தம் சுவரொட்டியின் நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றனர். ஒன்றல்ல, இரண்டல்ல; பத்து, இருபது என்று ஒட்டிக்கொள்கின்றனர். படத்தின் பெயரே அவ்விலைக்கொத்துகளுக்கிடையே மறைந்துபோகும் அளவிற்கு ஒட்டிக்கொள்கின்றனர். ஆனால், அப்படத்தைப் பார்த்தவர் எத்துணைப் பேர் என்று வினவினால் விடையில்லை. அது திரையிடப்பட்ட அரங்கு எது என்றால் அதற்கும் விடையில்லை. நடுவர் யாவர் என்றால், அவர் பெயரும் தெரிவதில்லை.

இஃது ஒருவர் இருவர்தம் அறியாமையன்று. நன்கு வேரூன்றிவிட்ட ஒரு வணிகம். தமிழிளைஞர்தம் கைப்பொருளையும், அதனினும் மேலாக அவர்தம் தன்மானத்தையும் மொழியையும் ஒருங்கே உறிஞ்சுகின்ற வணிகம். இதனை உள்ளவாறு உணர்த்துதல் கடமையாகின்றது.

ஒரு படத்தின் செலவு

எடுத்துக்காட்டிற்காக ஓர் இளைஞரை எண்ணிக் கொள்க. அவர்க்குப் பெயர் வேண்டா. ஊர்தோறும் அவரைப் போன்றவர் உளர். பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் உழைக்கின்றார். ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு தென்பாண்டிச் சீமையின் பனையேறி ஒருவரைப் பற்றி 14 மணித்துளி ஓடும் ஒரு படம் எடுக்கின்றார். படப்பொறி வாடகைக்கு வந்தது; நண்பர்கள் கூலியின்றி உழைத்தனர்; பனையேறியாக உண்மைப் பனையேறியே நடித்தார். பாளை சீவுவதும், கலயம் கட்டுவதும், பதனீர் இறக்குவதும், கருப்பட்டி காய்ச்சுவதும், இத்தொழில் தம்மோடு முடிந்துவிடுமோ என்று அக்கிழவர் கலங்குவதுமாகப் படம் நன்றாகவே அமைந்துவிட்டது.

படம் முடிந்தது, இனி யாரிடம் காட்டுவது? திரையரங்கு இதனை ஏற்காது. தொலைக்காட்சி விலை கொடாது. 'விழாக்களுக்கு விடு, விருது வந்தால் பெரிய படத்திற்கு வழி பிறக்கும்' என்கின்றனர் நண்பர்கள். இணையத்தைத் திறக்கின்றார். உலகெங்கும் உள்ள பல்லாயிரம் விழாக்கள் கடைவிரித்துக் காத்திருக்கின்றன. இலண்டன், பாரிசு, உரோம், நியூயார்க்கு என்று பெருநகர்களின் பெயர்களைத் தாங்கிய விழாக்கள். கண்ணைப் பறிக்கும் அடையாளங்கள்! 25 டாலர், 30 டாலர் என்று பற்று அட்டை வழியே பணம் போகின்றது.

முதலில் ஆங்கில அடிவரிகள் கேட்கின்றனர். பதனீர் என்பதற்கு ஆங்கிலச் சொல் இல்லை. 'சாறு' என்று பொருள்படும் ஒரு பொதுச்சொல்லைப் போடுகின்றார். பாளைக்குப் 'பூ' என்று பொருள்படும் ஒரு சொல். கலயம் வெறும் பானையாகின்றது. பின்னர்ப் படத்திற்கு ஓர் ஆங்கிலப் பெயர் கேட்கின்றனர், தருகின்றார். இயக்குநரின் கொள்கையுரை கேட்கின்றனர். ஆங்கிலம் வல்ல நண்பரொருவர் எழுதித் தருகின்றார். பனையேறியின் படத்திலிருந்து பனையேறியின் மொழி ஒவ்வோர் ஏடாக உரிந்து விழுகின்றது.

சில கிழமை கழித்துப் பாராட்டு வருகின்றது. 'சிறந்த குறும்படம்' என்று ஒரு விழா. 'சிறந்த இசை' என்று மற்றொன்று. இளைஞர் துள்ளுகின்றார். ஆயின், படத்தை இணையத்தில் மறைசொல் இட்டு வைத்திருந்தாரல்லரோ? எந்த நாட்டில் எத்துணை முறை அது திறக்கப்பட்டது என்னும் கணக்கும் அங்கேயே உண்டு. அதனைப் புரட்டுகின்றார். விருதளித்த நாட்டிலிருந்து அப்படத்தை ஒருவரும் திறக்கவே இல்லை. காணாத படத்திற்கு விருது! கேளாத இசைக்குப் பரிசு! அடுத்த நாளே மற்றொரு மின்னஞ்சல்: வெற்றிக் கோப்பை வேண்டுமாயின் இத்துணை டாலர், அச்சிட்ட சான்றிதழ் வேண்டுமாயின் இத்துணை டாலர், அஞ்சற்செலவு தனி.

இத்தகைய விழாக்களுக்குப் படம் விடுத்த தற்சார்புத் திரைப்படக்காரர் உலகெங்கும் கூறும் பட்டறிவு இதுதான். அமெரிக்கரும் இதற்கு ஆளாகின்றனர், ஆப்பிரிக்கரும் ஆளாகின்றனர். தமிழர் மட்டும் ஏமாறுகின்றார் என்பதன்று. தமிழர்க்கு இழப்பு இரட்டிப்பு என்பதே இங்குச் சொல்ல வந்தது.

வணிகம் நடக்கும் வகை

முன்பெல்லாம் விழாவுக்குப் படம் விடுப்பதென்றால் படச்சுருளையோ நாடாவையோ பெட்டியிலிட்டு, கடல்கடந்து அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லையை இணையம் தீர்த்தது. 2000ஆம் ஆண்டில் 'வித்தவுட் எ பாக்சு' என்னும் அமெரிக்க இணையத்தளம் படங்களை இணையவழி விடுப்பதற்கு வழி கண்டது. 2008இல் அமேசானுக்குரிய ஐ.எம்.டி.பி. என்னும் திரைப்படத் தரவுத்தளம் அதனை வாங்கியது. 2019இல் அது மூடப்பட்டது. இதற்கிடையே 2014இல் கனடாவில் தோன்றிய 'பிலிம் ஃபிரீவே' இன்று இத்துறையில் முதலிடம் பெற்று நிற்கின்றது. இவை அனைத்தும் இடைநிலைத் தளங்கள். விழா நடத்துவோர் தாமே கட்டணத்தை வகுத்துக்கொள்கின்றனர். தளம் அதில் ஒரு பங்கைப் பெறுகின்றது. ஏற்பாட்டில் பிழையில்லை. நல்ல விழாக்களும் இதே வழியில்தான் படம் பெறுகின்றன. கட்டணமே கேளாத விழாக்களும் அங்கு உண்டு.

பிழை எங்கே புகுந்தது? விழா நடத்துவதற்கு அரங்கு வேண்டா, மக்கள் வேண்டா, ஓர் இணையப்பக்கம் போதும் என்னும் நிலை வந்தபோது புகுந்தது. ஆண்டிற்கொரு முறை நடந்த விழா திங்கள்தோறும் நடக்கத் தொடங்கிற்று. திங்கள்தோறும் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த ஒளிப்பதிவு என்று ஐம்பது அறுபது பிரிவுகள். ஒரே படத்தைப் பல பிரிவுகளில் விடுக்கலாம். பிரிவுதோறும் தனிக் கட்டணம்! இறுதி நாளும் ஒன்றன்று. முந்துவோர்க்கு ஒரு கட்டணம், உரிய நாளில் வருவோர்க்கு அதனினும் மிகுதி, பிந்துவோர்க்கு மேலும் மிகுதி, நீட்டித்த நாளுக்கு எல்லாவற்றினும் மிகுதி. படம் ஏற்கப்படாவிடினும் கட்டணம் திரும்புவதில்லை.

கணக்கிட்டுப் பார்க்க. ஒரு படத்திற்கு 25 டாலர் என்று 1,000 படங்கள் வந்தால் 25,000 டாலர். அரங்கு வாடகையில்லை; நடுவர்க்கு ஊதியமில்லை; விருந்தினர்க்கு விடுதியில்லை. செலவு யாது? இலைக்கொத்து வரைந்த ஒரு படம்; அதுவும் ஒரு முறை வரைந்தால் போதும். பெயரை மட்டும் மாற்றிக் கொள்ளலாம்.

இனி, விடுப்பவர் பக்கத்துக் கணக்கு. 25 டாலர் வீதம் 40 விழாக்களுக்கு விடுத்தால் 1,000 டாலர். ஒரு டாலர் 85 உருபா என்று கொண்டால் 85,000 உருபா! அந்தப் பனையேறிப் படத்தை எடுக்கவே இத்துணைச் செலவாகியிருக்குமா என்பது ஐயமே. படம் எடுத்த செலவைக் காட்டிலும் படத்திற்குப் புகழ் வாங்கிய செலவு மிகுதியென்றால், அவர் எடுத்தது படமா, ஏலச்சீட்டா?

'பெரிய விழாக்களுக்கே விடுக்கலாமே' என்பர். அங்கும் நிலைமை எளிதன்று. அமெரிக்காவின் சன்டான்சு விழாவிற்கு 2024இல் வந்த குறும்படங்கள் 12,098, ஏற்கப்பட்டவை 53. ஏறத்தாழ 228 படங்களுக்கு ஒன்று! எஞ்சிய பன்னிரண்டாயிரம் படங்களும் எங்குச் செல்லும்? அவற்றை எடுத்தவர்தம் ஏக்கமே இலைக்கொத்து வணிகரின் முதலீடு. ஏற்றுக்கொள்ளப்படாதவனின் துயரத்தை அறுவடை செய்வதற்கே இக்கடைகள் திறந்திருக்கின்றன.

சிறுமை அளவில் இல்லை

இவ்வளவும் கூறியதால் சிறு விழாக்கள் யாவும் தீயவை என்று கொள்ளற்க. சிறு விழா என்பது ஓர் இழிவன்று. உலகத் திரைப்பட வரலாற்றையே திருப்பிய விழாக்கள் சிறியனவாகத் தோன்றியவைதாம்.

செருமனியில் நிலக்கரிக்கும் எஃகிற்கும் பேர்போன உரூர் வட்டாரத்தில் ஓபர்கௌசன் என்னும் தொழிலாளர் நகர் ஒன்றுண்டு. அங்கே 1954இல், இல்மார் ஆஃப்மன் என்பார் தம் பொறுப்பிலிருந்த முதியோர் கல்வி மன்றத்தின் சார்பில் குறும்பட விழா ஒன்றைத் தொடங்கினார். பெருநகருமன்று, பெருஞ்செல்வருமல்லர். கல்வி பரப்பும் ஒரு மன்றம், உழைக்கும் மக்கள் வாழும் ஓர் ஊர். அவ்வளவே. எட்டாண்டு கழித்து, 1962ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள், அவ்விழாவில் 26 இளைஞர்கள் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விடுத்தனர். பழைய செருமன் திரைப்படம் மடிந்தது, புதியதைப் படைக்கும் உரிமை தமக்குண்டு என்பது அதன் கருத்து. அவர்கள் வேற்றுநாட்டாரிடம் முத்திரை கேட்கவில்லை. தம் நாட்டில், தம் மொழியில், தம் மக்கள் முன் நின்று பேசினர். 1965இல் இளைஞர்தம் படங்களுக்குப் பொருளுதவி செய்யும் ஓர் அமைப்பு அங்கு உருவாயிற்று. புதிய செருமன் திரைப்படம் என்று உலகம் போற்றியது அங்கிருந்து கிளைத்ததே.

பிரான்சு நாட்டின் கிளெர்மோன் பெரான் நகரில் 1979இல் பல்கலைக்கழக மாணவர்களின் திரைப்பட மன்றமொன்று குறும்படக் கிழமை நடத்திற்று. அஃது இன்று குறும்படத்திற்கென்றே அமைந்த உலகப் பெருவிழாவாக வளர்ந்து நிற்கின்றது. அந்நகர மக்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக் குறும்படம் பார்க்கின்றனர். அங்கு ஒரு படம் ஏற்கப்படுதல் பெருமை, என்னை? அங்குப் பார்க்கும் கண்கள் உள.

அண்டையிலுள்ள கேரளத்தைக் காண்க. 1977இல் 'அக்ரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தை எடுத்த அதே சான் ஆபிரகாம், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு கூடி 'ஒடெசா' என்னும் மக்கள் திரைப்படக் குழுவைத் தோற்றுவித்தார். பொதுமக்களிடம் ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டினர். அப்பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' என்னும் படத்தை முடித்தனர். மீண்டும் ஊர் ஊராகச் சென்று அப்படத்தைக் காட்டினர். பணம் தந்தவரும் மக்கள், பார்த்தவரும் மக்கள். அப்படத்தின் சுவரொட்டியில் இலைக்கொத்து இல்லை. இன்றும் அது பேசப்படுகின்றது.

தமிழகத்திலும் இல்லாமலில்லை. மதுரையில் 'மறுபக்கம்' என்னும் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வந்திருக்கின்றது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி தமிழ்க் குறும்படங்களைத் தமிழ் மக்கள்முன் வைத்தது. கார்த்திக் சுப்பராசு, நலன் குமாரசாமி முதலியோர் அவ்வழி வந்தவரே. தமிழ் மக்கள் பார்த்தனர், தமிழ் நடுவர் குறைநிறை கூறினர், வழி பிறந்தது. இதற்கு எந்த உரோம் நகர்ச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

ஆகலின், விழாவின் தரம் அதன் அளவிலோ ஊர்ப்பெயரிலோ இல்லை. படத்தை முழுதும் பார்த்து, அதனைப் பற்றிப் பேசி, எடுத்தவனை மக்கள்முன் நிறுத்தும் விழா பத்துப் பேர் கூடினும் பெருவிழா. பாராமலே பரிசு வழங்கும் விழா பதினாயிரம் படம் பெறினும் சிறுமையுடையதே.

இரட்டை இழப்பு

பொருளிழப்பை ஈடு செய்யலாம். மொழியிழப்பை எவ்வாறு ஈடு செய்வது?

தமிழ்க் குறும்படங்களின் பெயர்களை ஒரு முறை புரட்டிப் பார்க்க. பேசும் மொழி தமிழ், பேசுவோர் தமிழர், நிகழும் இடம் தமிழ்ச் சிற்றூர், பெயர் மட்டும் ஆங்கிலம்! கேட்டால், 'விழாவிற்கு அதுதான் எடுபடும்' என்பது விடை. பிள்ளைக்குப் பெயரிடும்போதே விற்பனைக்குப் பெயரிடும் கொடுமை இது. திரையரங்கிற்கு வரும் பெரும்படங்களுக்கேனும் 2006இல் தமிழ்நாட்டரசு தமிழ்ப்பெயருக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்து ஒரு தடுப்பணை கட்டிற்று. அவ்வாண்டில் 'எம்டன் மகன்' என்றிருந்த படம் 'எம் மகன்' என்று திரைக்கு வந்ததைப் பலரும் அறிவர். 2017இல் வரிமுறையே மாறியபின் அவ்வணையும் தளர்ந்தது. குறும்படத்திற்கோ அத்தகைய அணை என்றுமே இருந்ததில்லை. அதற்குள்ள ஒரே காவல் எடுப்பவனின் மானவுணர்வு.

'நாளைய இயக்குநர்' வழி வந்தவரின் முதற் பெரும்படத்திற்கே 2012இல் 'பீட்சா' என்று பெயர் வைக்கப்பட்டதையும் இங்கு மறைக்க வேண்டுவதில்லை. தமிழ் மேடை ஏற்றிவிட்டவரும் அயற்பெயரில் இறங்கலாம். அடுத்த ஆண்டே நலன் குமாரசாமி 'சூது கவ்வும்' என்று தூய தமிழில் பெயரிட்டுப் பெருவெற்றி பெற்றார். தமிழ்ப்பெயர் படத்தை முடக்கும் என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமா?

வேண்டுமென்றால் ஒன்று உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை ஒட்டிய வறண்ட நிலத்தில், குடிகாரத் தந்தையும் அவன் சிறு மகனும் வெயிலில் நடந்து செல்வதைப் படமாக்கினார் வினோத்ராசு. பெயர் 'கூழாங்கல்'. பேச்சு மதுரைத் தமிழ். 2021இல் நெதர்லாந்தின் இராட்டர்டாம் விழா தன் தலையாய புலி விருதை அப்படத்திற்கே அளித்தது. அவ்வாண்டில் இந்திய ஒன்றியத்தின் சார்பில் ஆசுகர் போட்டிக்கு விடுக்கப்பட்டதும் அதுவே. அது நெடும்படமே எனினும், குறும்படம் எடுப்பார்க்கும் அதன் பாடம் ஒன்றுதான். மண்ணோடு ஒட்டியதை மண்ணின் மொழியில் சொன்னால், உலகம் தானே குனிந்து கேட்கும். உலகிற்கென்று தன்னைத் திருத்திக்கொண்டவனை உலகம் ஏறிட்டும் பாராது. தன்னிடம் முன்பே உள்ளதன் நிழலை அது யாதுக்கு வேண்டும்?

மற்றொன்றும் காண்க. 2023இல் ஆசுகர் விருது பெற்ற யானைப் படத்தை அறியாதார் இல்லை. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில், பொம்மனும் பெள்ளியும் யானைக் கன்றுகளைப் பிள்ளைகளாக வளர்த்ததைக் காட்டும் குறும் ஆவணப்படம் அது. அவர்கள் அதில் பேசுவது தமிழ். படத்தின் பெயரோ ஆங்கிலம். உலகம் கண்ணீர் விட்டது அவ்வாங்கிலப் பெயருக்காகவா? பொம்மனின் குரலுக்காகவா? பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஒரு துளிக் கண்ணீர் குறைந்திருக்குமா?

'ஆங்கில அடிவரி கூடாதென்கின்றீரா? உலகம் எவ்வாறு அறியும்?' என்று சிலர் சினப்பர். அடிவரி கூடாதென்பார் எவருமிலர். மொழிபெயர்ப்பு ஒரு பாலம்; பாலம் வேண்டும். ஆனால், பாலத்தின் மேலேயே வீடு கட்டிக்கொள்வான் உண்டோ? பதனீரைப் பதனீர் என்றே ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? சப்பானியர் தம் உணவின் பெயரையும் உடையின் பெயரையும் மாற்றாமலே உலகின் நாவில் ஏற்றவில்லையா? படத்தின் தமிழ்ப்பெயரை முன்னே பெரிதாக எழுதிப் பொருளைப் பின்னே சிறிதாக எழுதுவதை எந்த விழா தடுத்தது? தடுத்தது விழாவன்று, நெஞ்சில் குடிகொண்ட தாழ்வு. அயலான் தலையசைத்தாலன்றித் தன் பிள்ளை அழகென்று நம்பாத தாழ்வு.

அத்தாழ்வே இவ்விலைக்கொத்து வணிகத்தின் வேர். பனையேறியைப் பற்றிய படம் நன்றா அன்றா என்பதைப் பனங்காட்டில் பிறந்த ஒருவர் சொன்னால் அது 'வெறும் பேச்சு'. பெயர் தெரியாத ஊரின் பெயர் தெரியாத நடுவர் சொன்னால் அது 'பன்னாட்டு விருது'. தமிழன் தமிழனை நடுவனாக ஏற்க மறுக்கும் இந்நோய் தீராதவரை, ஒரு கடை மூடினால் ஒன்பது கடை திறக்கும்.

கட்டணம் கட்டுமுன்

படம் விடுக்க எண்ணும் இளைஞர் பணம் கட்டுமுன் இவ்வினாக்களை எழுப்புக. விழா எந்த அரங்கில், எந்த நாளில் நடக்கின்றது? சென்ற ஆண்டு திரையிட்ட படங்களின் நேரப் பட்டியல் உண்டா? நடுவர் யாவர், அவர் பெயரும் பணியும் வெளிப்படையா? பொதுமக்கள் சீட்டுப் பெற்றோ பெறாமலோ வந்து பார்க்கின்றனரா? விருதுகள் எத்துணை; படங்கள் எத்துணை? வென்றவரிடமே கோப்பைக்குப் பணம் கேட்பதுண்டா? அவ்வூரின் செய்தித்தாளோ மக்களோ அவ்விழாவைப் பற்றி ஒரு வரியேனும் கூறியிருக்கின்றனரா?

நேர்மையான விழா இவ்வினாக்களுக்கு அஞ்சாது. அரங்க வாடகைக்கும் கருவிக்கும் என்று அது சிறு கட்டணம் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. பொருளற்ற இளைஞர் என்று எழுதிக் கேட்டால் கட்டணத்தை நீக்கும் விழாக்களும் பல உள. விடை கூறாமல் வாழ்த்து மட்டும் கூறும் விழாவிற்கு ஒரு காசும் தகாது.

கூட்டுவார் யார்?

'சரி, விடுக்க வேண்டா. பின் எங்கே காட்டுவது?' இவ்வினா முறையானதே. இதற்கு விடை கூறாமல் இளைஞரை மட்டும் பழித்தல் அறமாகாது. குற்றம் அவருடையது மட்டுமன்று; அவர்க்கொரு திரை விரிக்காத தமிழ்க் குமுகாயத்தினுடையதும் ஆகும். பட்டிமன்றத்திற்குப் பந்தலிடும் ஊர்கள், பொங்கல் விழாவிற்கு ஆடற்குழு அழைக்கும் மன்றங்கள், நூல் வெளியீட்டிற்குக் கூடும் தமிழமைப்புகள். இவற்றுள் எத்துணை, ஆண்டிற்கொரு மாலையைத் தமிழ்க் குறும்படத்திற்கு ஒதுக்கின? பசித்தவன் அயலான் கடையில் கெட்ட சோறு வாங்கி உண்டான் என்று ஏசுமுன், தம் வீட்டில் உலை வைத்தார்களா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உலை வைப்பது அரிதன்று. ஒரு வெள்ளைத் துணி, ஒரு படவீழ்த்தி, ஓர் ஒலிபெருக்கி. பள்ளிக்கூட முற்றம், ஊர்ப்பொதுமன்று, நூலகக் கூடம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொதுநூலகச் சட்டத்தை முதன்முதல் இயற்றியது சென்னை மாகாணம், அது 1948இல். அச்சட்டத்தின் வழி வளர்ந்த நூலகங்கள் மாவட்டந்தோறும் உள. திங்களுக்கொரு மாலை அங்கே ஆறு குறும்படங்களைக் காட்டலாம். 15 மணித்துளிப் படம் ஆறென்றால் ஒன்றரை மணி நேரம். அதன்பின் அரை மணி நேரம் எடுத்தவரோடு உரையாடல். 40 விழாக்களுக்குக் கட்டும் 85,000 உருபாவை ஓர் ஊர்க்கு 4,000 உருபா வீதம் வகுத்தால் 21 ஊர்களில் திரை கட்டலாம். ஓர் ஊர்க்கு நூறு பேர் வந்தாலும் 2,100 பேர் பார்ப்பர். இருவேறு கணக்கையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்றில் நாற்பது இலைக்கொத்து. மற்றொன்றில் ஈராயிரம் நெஞ்சம்.

அரசிற்கும் கடமையுண்டு. கேரள அரசு 1998இல் திரைப்படத்திற்கென ஒரு கழகம் கண்டது. அக்கழகம் 2008 முதல் திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்படங்களுக்கெனத் தனி விழா நடத்தி வருகின்றது. தமிழ்நாட்டரசும் அதனை ஒப்பவோ விஞ்சவோ ஒரு விழாவை நடத்துதல் வேண்டும். அவ்விழாவில் தமிழ்ப்பெயர் தாங்கிய தமிழ்ப்படத்திற்குக் கட்டணம் கூடாது. நடுவர் தமிழறிந்தவராதல் வேண்டும். தேர்ந்த படங்கள் சென்னையோடு நின்றுவிடாமல் மாவட்டந்தோறும் செல்லுதல் வேண்டும். ஈழத்தமிழரும், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரும் எடுக்கும் குறும்படங்கட்கும் அங்கு இடம் வேண்டும்.

அரசு செய்யுங்காறும் காத்திருத்தல் வேண்டா. ஓபர்கௌசனில் தொடங்கியது அரசன்று. ஒரு கல்வி மன்றம். கிளெர்மோனில் தொடங்கியவர் மாணவர். கோழிக்கோட்டில் தொடங்கியவர் கையில் உண்டியலேந்திய இளைஞர். தமிழ் மன்றங்கட்கும் ஆசிரியர்கட்கும் மாணவர்கட்கும் அது இயலாததன்று.

தமிழிளைஞரே! நும் படத்தை முதலில் காண வேண்டியவர் அதில் நடித்த அப்பனையேறியும் அவர்தம் ஊராருமே. அவர்கள் முன் திரை கட்டுக. பதனீரைப் பதனீர் என்றே சொல்லுக. அவர்கள் சிரிக்குமிடத்தில் சிரித்தால், அழுமிடத்தில் அழுதால், 'எங்கள் பாட்டை உள்ளபடி காட்டினாய்' என்று ஒரு கிழவர் நும் தோளைத் தட்டினால், அதுவே நடுவர் தீர்ப்பு. அதன்பின் உலகிற்கு அனுப்புக. தலைநிமிர்ந்து, தமிழ்ப்பெயரோடு, தகுதியுள்ள இடத்திற்கு அனுப்புக. விலைக்கு வரும் வாகை வாங்கிய அன்றே வாடும். கண்டவர் சூட்டும் வாகை காலத்திற்கும் நிற்கும்!